ஏற்காட்டுப் பெரியவரும் ஐந்து சிடிகளும்: விண்டோஸ் 11-இல் பழைய விளையாட்டுகளை ஓட்டிய ஒரு நிகழ்வு ஆய்வு

2025 பொங்கல் முடிந்த வாரம். சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் இருக்கும் என் சர்வீஸ் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். தோளில் மஞ்சள் பை, கையில் அட்டைப்பெட்டியோடு புது லேப்டாப். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபியும் மிளகும் வைத்திருப்பவர். "தம்பி, பழைய கம்ப்யூட்டர் சமாச்சாரமெல்லாம் நீங்க பார்ப்பீங்கன்னு சொன்னாங்க" என்று பையை மேசைமேல் கவிழ்த்தார். ஐந்து சிடி, ஒரு ஹார்டு டிஸ்க்.

அவருடைய பழைய கணினி 2001-இல் வாங்கியது. அதில் பின்னாளில் விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றி, கடைசிவரை அப்படியே ஓட்டியிருக்கிறார். போன ஐப்பசியில் விழுந்த ஒரு இடியில் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் சேர்ந்து போய்விட்டன. சென்னையில் இருக்கும் அக்கா மகன் விண்டோஸ் 11 லேப்டாப் ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டான். பேங்க் வேலை, மின்கட்டணம் எல்லாம் அதில் நன்றாக நடக்கிறது. ஆனால் கொண்டுவந்திருந்த விளையாட்டு எதுவும் ஓடவில்லை.

"எந்த விளையாட்டுங்க?" என்றேன், பேரனுக்காக இருக்கும் என்று நினைத்து.

"எனக்குத்தான். மழைக்காலத்துல ஏழு மணிக்கு மேல மலையில என்ன வேலை இருக்கு, சொல்லுங்க."

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் முதல் பாகம்தான் அவருக்கு உயிர். 1997-இல் வந்தது, ஒரிஜினல் சிடி. அடுத்து 2003-இல் வந்த ஒரு கார்ப் பந்தயத்தின் ஒரிஜினல் சிடி. அதே பந்தயத்தின் சாலையோரக் காப்பி ஒன்றும் இருந்தது. எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, காப்பியை முதலில் வாங்கினாராம், பிடித்துப்போனதால் ஒரிஜினலையும் வாங்கினாராம். இப்படி ஒரு மனிதரை என் கடையில் நான் பார்த்ததே இல்லை. நான்காவது ஒரு செஸ் சிடி. ஐந்தாவது, மார்க்கரால் "101 கேம்ஸ்" என்று எழுதிய ரைட் செய்த சிடி. ஹார்டு டிஸ்கில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா இருந்தது, கூடவே இத்தனை வருடம் சேமித்து வைத்த ஆட்டங்களும்.

ஒரு வாரம் கேட்டேன். மூன்று வாரம் ஆனது.

முதலில் கழற்றியது

சென்னைத் தம்பி எல்லா விளையாட்டுக்கும் கம்பாட்டிபிலிட்டி மோடில் விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி என்று மாற்றி மாற்றி டிக் அடித்து வைத்திருந்தான். இந்தக் கடைக்கு வரும் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். நான் முதலில் அந்த டிக்குகளை எடுத்துவிட்டேன்.

அந்த மோடுக்குள் ஒரு குட்டி விண்டோஸ் 95 ஒளிந்திருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. நிரல் "நீ எந்த விண்டோஸ்?" என்று கேட்டால் பழைய எண்ணைப் பொய்யாகச் சொல்லும். சில பழைய நடத்தைகளைப் போலச் செய்து காட்டும் சின்னச் சின்ன ஒட்டுகளையும் சேர்த்துவிடும். எண்ணைப் பார்த்து மிரளுகிற நிரலுக்கு அது போதும். விண்டோஸிலிருந்தோ சிபியுவிலிருந்தோ ஒரு உறுப்பையே எடுத்துவிட்டிருந்தால் எத்தனை டிக் அடித்தும் அது திரும்பி வராது.

என் முறை இதுதான்: அந்த விளையாட்டு எதன்மேல் சாய்ந்து நின்றது, அதில் எது இப்போது இல்லை என்று பார்ப்பது. பெரியவரின் பையில் இருந்த ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு வேறாக இருந்ததால்தான் இதை எழுதத் தோன்றியது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. எதையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். 40 ஜிபி ஐடிஇ டிஸ்க், இடியிலும் பிழைத்திருந்தது. 12 வோல்ட் தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி மாற்றியில் மாட்டி, முழுதாக நகல் எடுத்தேன். புது லேப்டாப்பில் சிடி டிரைவே இல்லை, அதற்கு யுஎஸ்பி டிவிடி ரைட்டர். அச்சிட்டு வந்த நான்கு சிடியும் சிரமமில்லாமல் படித்தன. "101 கேம்ஸ்" மட்டும் டிரைவுக்குள் கர் கர் என்று சுற்றிவிட்டு, வெறும் சிடி என்றது. தொழிற்சாலையில் அச்சிடும் சிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாகப் பதிந்திருக்கும். வீட்டில் ரைட் செய்யும் சிடியில் அது ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது, அந்தச் சாயம் வருடக்கணக்கில் வெளுத்துப்போகும். மூன்று வேறு டிரைவுகளில் போட்டுப் பார்த்து அதைக் கைவிட்டேன்.

செஸ், பிரின்ஸ்

செஸ் சிடியில் விளையாட்டு 32-பிட், ஆனால் அதை நிறுவும் செட்டப் 16-பிட். (பிட் என்பது நிரலும் சிபியுவும் ஒரே மூச்சில் கையாளும் தகவலின் அளவு, எண் சிறிதானால் நிரல் பழைய காலத்தது.) தொண்ணூறுகளின் சிடிகளில் இந்தக் கலப்பு அதிகம். 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலைத் தொடாது. சில பழைய செட்டப் வகைகளை மட்டும் அடையாளம் கண்டு, தன்னிடம் உள்ள 32-பிட் மாற்றை வைத்து ஓட்டிவிடும். இது அந்தப் பட்டியலில் இல்லாத வகை. ஓடிவிடிஎம் என்று ஒரு திறந்தமூல நிரல் உண்டு, 64-பிட் விண்டோஸில் 16-பிட் விண்டோஸ் நிரல்களை ஓட்டுவது. அதன்மேல் செட்டப்பை இழுத்துப் போட்டேன், நீல நிறப் பின்னணியோடு அந்தக்கால நிறுவல் திரை வந்தது. பத்து நிமிட வேலை.

பிரின்ஸ் டாஸ் விளையாட்டு. விண்டோஸுக்கு முந்தின காலத்து இயங்குதளம்தான் டாஸ். ஜோர்டான் மெக்னர் 1989-இல் ஆப்பிள் 2-க்கு எழுதியது, டாஸுக்கு 1990-இல் வந்தது. 1985-இல் வந்த இன்டெல் 386-இல் இருந்து சிபியுக்களில் விர்ச்சுவல் 8086 என்று ஒரு வசதி இருந்தது. பழைய 8086 சிபியுவுக்கு எழுதிய நிரலை, பெரிய இயங்குதளத்தின் மடியிலேயே உட்காரவைத்து ஓட்டும் வசதி. எக்ஸ்பியில் டாஸ் விளையாட்டு ஓடியது இதனால்தான். சிபியு 64-பிட் நிலைக்குப் போய்விட்டால் அந்த வசதி அடைபட்டுவிடும். சிபியுவின் வடிவமைப்பே அப்படி. விண்டோஸ் 10-இல் 32-பிட் பதிப்பு ஒன்று இருந்ததால் அங்கே இன்னும் வழி இருந்தது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது.

இதற்கு டாஸ்பாக்ஸ். சிபியு, நினைவகம், சவுண்ட் பிளாஸ்டர் கார்டு என்று ஒரு முழுப் பழைய கணினியையே மென்பொருளில் நடித்துக் காட்டும் நிரல், 2002-இலிருந்து வருகிறது. நம் ஊர் என்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தவே வேண்டாம். சி மொழியில் நிரல் எழுதப் பழகும் டர்போ சி-யின் அந்த நீலத் திரையைப் புது விண்டோஸில் வரவைப்பதற்காக லேப் தேர்வுக்கு முந்தின ராத்திரி டாஸ்பாக்ஸோடு மல்லுக்கட்டியவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. நானும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். சைக்கிள்ஸ் என்ற எண்தான் சிபியு எவ்வளவு வேகமாக நடிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். இளவரசன் தாவுவது உங்கள் கைக்குப் பழகிய வேகம்தானா என்று பெரியவரையே உட்காரவைத்துச் சரிசெய்தேன்.

இரண்டு விஷயம் நான் எதிர்பார்க்காதது. அவருடைய பழைய கணினியில் பிரின்ஸுக்குப் பீப் சத்தம் மட்டும்தான் வந்திருக்கிறது. டாஸ்பாக்ஸில் முதல் காட்சியின் இசை வந்ததும், "இது வேற ஏதோ போட்டுட்டீங்களா?" என்றார். இல்லை, அதே விளையாட்டுதான், இத்தனை வருடம் பூட்டிக் கிடந்த பாட்டு என்றேன். நம்பினாரா தெரியவில்லை. இன்னொன்று, பிரின்ஸில் விளிம்பைப் பிடித்துத் தொங்கவும் மருந்துக் குப்பியை எடுக்கவும் ஷிப்ட் விசை. ஷிப்ட்டை ஐந்து முறை தட்டினால் விண்டோஸ், ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று பெட்டியைத் திறந்து குறுக்கே நிற்கும். பள்ளத்தின்மேல் தொங்கும்போது அது வந்தால் ஆள் காலி. செட்டிங்ஸில் அதை அணைத்துவைத்தேன்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்

இதில்தான் நேரம் போனது. நான் ஏமாந்ததும் இதில்தான்.

திறந்ததும் டைரக்ட்பிளே வேண்டும் என்றது. பல பேர் சேர்ந்து நெட்வொர்க்கில் ஆடுவதற்காக மைக்ரோசாப்ட் அந்தக் காலத்தில் செய்த பகுதி அது. தனியாக ஆடுகிறவருக்கு அது தேவையே இல்லை, ஆனாலும் விளையாட்டு எழும்போதே அதைத் தேடும், இல்லையென்றால் நின்றுவிடும். விண்டோஸ் 8-க்குப் பிறகு அது முன்கூட்டியே நிறுவப்பட்டு வருவதில்லை. விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் லெகசி காம்பொனன்ட்ஸ் என்பதற்குள் போய் டிக் அடித்தால் வந்துவிடும்.

அடுத்தது நிறம். மெனு திறந்தது, ஆனால் தண்ணீர் ஊதாவாகவும் புல் சிவப்பாகவும் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. 1997-இல் இந்த விளையாட்டு 8-பிட் நிறத்தில் ஓடியது. அதாவது திரையில் ஒரே நேரத்தில் 256 நிறங்கள்தான். ஒவ்வொரு புள்ளியும் "எனக்கு 37-ஆம் நிறம்" என்று எண்ணை மட்டும் சொல்லும். 37 என்றால் பச்சையா நீலமா என்பது தனியாக ஒரு அட்டவணையில் இருக்கும். முழுத்திரையை எடுத்துக்கொண்ட விளையாட்டு அந்த அட்டவணையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளும். விண்டோஸ் 7-இலேயே டெஸ்க்டாப்பை வரையும் எக்ஸ்புளோரர் இடையில் புகுந்து அட்டவணையைக் கலைத்துவிடும். விளையாட்டைத் திறக்குமுன் டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்புளோரரைக் கொல்வதுதான் அப்போது பிரவுசிங் சென்டர்க்காரர்களின் வைத்தியம். விண்டோஸ் 8-க்குப் பிறகு 8-பிட் திரை என்பதே பாவனைதான். உள்ளே எல்லாம் 32-பிட்டில் கலந்து வரையப்படுகிறது.

இதற்கு சிஎன்சி-டிடிரா என்ற இலவச நிரலைப் போட்டேன். பெயர் வேறொரு விளையாட்டை வைத்து வந்தது, ஆனால் பல பழைய 2டி விளையாட்டுகளுக்கு உதவும். திரையில் படம் வரைய விளையாட்டு துணைக்கு அழைக்கும் விண்டோஸ் கோப்பின் பெயர் டிடிரா டிஎல்எல். விளையாட்டு இருக்கும் ஃபோல்டரிலேயே அதே பெயரில் இந்த நிரலின் கோப்பைப் போட்டுவிட்டால், விளையாட்டு விண்டோஸிடம் போவதாக நினைத்துக்கொண்டு இதனிடம் போகும். இது அட்டவணையை வாங்கி, நிறங்களைச் சரியாக மொழிபெயர்த்து, இன்றைய கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும். அதன் அமைப்புக் கோப்பில் விகிதத்தைக் காப்பாற்றும் வரியையும் மாற்றினேன். இல்லாவிட்டால் 1024-க்கு 768 படம் அகலத் திரைக்கு இழுபட்டு, யானைப் படை எருமைப் படை மாதிரி ஆகிவிடும். லேப்டாப் திரை 150 சதவீதப் பெரிதாக்கலில் இருந்ததால் மவுஸ் ஒரு இடத்தில், திரையில் அம்பு வேறு இடத்தில் என்று வேறு ஒரு குழப்பம். அதை விளையாட்டின் பிராப்பர்ட்டீஸில் டிபிஐ அமைப்பில் சரிசெய்தேன்.

எல்லாம் முடிந்தது என்று போன் செய்தேன். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தார். உட்கார்ந்தார், கிராமத்தான்களை விறகு வெட்ட அனுப்பினார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு மவுஸை வைத்துவிட்டார்.

"பாட்டு எங்க?"

சத்தம் வருகிறதே என்றேன். ஆட்கள் பேசுகிறார்கள், மரம் விழுகிறது, எல்லாம் கேட்கிறது.

"அது சத்தம். நான் பாட்டைக் கேட்கிறேன். இந்த சிடியை நான் ஜீப்புலயே போட்டுக் கேட்பேன் தம்பி. முதல் பாட்டு மட்டும் போடக் கூடாது, ஸ்பீக்கர் போயிடும். இரண்டாவதுல இருந்து போடணும்."

எனக்கு அங்கேயே உறைத்தது. சிடியை ஐஎஸ்ஓவாக நகல் எடுத்திருந்தேன். விண்டோஸ் 8-இலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை இரட்டைக் கிளிக் செய்தாலே சிடி மாதிரி திறக்கும் என்பதால், அந்தச் சோம்பேறித்தனம். ஆனால் அந்தக்கால விளையாட்டு சிடிகள் பல கலப்பு சிடிகள். முதல் தடம் கணினித் தகவல். இரண்டாவதிலிருந்து 1980-இல் ரெட் புக் என்ற பெயரில் வகுத்த அதே ஆடியோ சிடி முறையில் பாட்டுகள். விளையாட்டு இசையைக் கோப்பாகப் படிக்காது. "மூன்றாவது தடத்தைப் பாடு" என்று சிடி டிரைவுக்கே கட்டளை போடும். ஐஎஸ்ஓ முதல் தடத்தை மட்டும்தான் எடுக்கும். முதல் தடத்தை ஆடியோ பிளேயரில் போட்டால் வெறும் இரைச்சல் வரும், ஜீப் ஸ்பீக்கரைப் பற்றி அவர் சொன்னதும் அதுதான். பொறியியல் படித்த நான் தவறவிட்டதை, காட்டு ரோட்டில் ஜீப் ஓட்டும்போது அவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

மறுபடி பின்-கியூ வடிவத்தில் நகல் எடுத்தேன். பின் கோப்பில் எல்லாத் தடங்களும் உள்ளபடி இருக்கும், எது எங்கே தொடங்குகிறது என்பதைக் கியூ கோப்பு சொல்லும். விண்டோஸ் இதைத் தானாகத் திறக்காது என்பதால் வேறு வழிக்குப் போனேன். பாட்டுத் தடங்களை ஓஜிஜி கோப்புகளாக மாற்றி விளையாட்டின் ஃபோல்டரில் வைத்து, சிடி டிரைவுக்குப் போகும் கட்டளையைப் பிடித்து அந்தக் கோப்புகளைப் பாடவைக்கும் ஓஜிஜி-வின்எம்எம் என்ற சின்ன டிஎல்எல்லைப் போட்டேன். ஒரு தடத்தில் கீறல். இரண்டு இடத்தில் இசை இடறும். "பரவாயில்லை, ஜீப்லயும் அங்க இடறும்" என்றார்.

அவருடைய பழைய சேமிப்புகளை ஏற்றும்போது இன்னொரு சிக்கல். விளையாட்டை வழக்கம்போல் புரோகிராம் ஃபைல்ஸில் நிறுவியிருந்தேன். விஸ்டாவிலிருந்து அந்த இடத்தில் சாதாரண நிரல் எழுத முடியாது. பழைய நிரல் எழுத முயன்றால் விண்டோஸ் அதைச் சத்தமில்லாமல் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். புதுச் சேமிப்பு ஒரு இடத்தில், நான் நகல் எடுத்துப் போட்டது வேறு இடத்தில். எல்லாவற்றையும் சி டிரைவிலேயே தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். பழைய விளையாட்டை ஒருபோதும் புரோகிராம் ஃபைல்ஸில் போடாதீர்கள்.

ஒரிஜினல் தோற்ற இடம்

கார்ப் பந்தய சிடியைத் திறந்து பார்த்தால் டிஆர்விஎம்ஜிடி, செக்டிஆர்வி என்று இரண்டு கோப்புகள். பார்த்ததுமே தெரிந்துவிடும், சேஃப்டிஸ்க். 1998-இல் வந்த நகல் தடுப்பு முறை. சிடியில் வேண்டுமென்றே வைத்த பிழைகளைப் படித்து, இது ஒரிஜினல்தானா என்று உறுதி செய்தபிறகே விளையாட்டைத் திறக்கும். அதற்காக விண்டோஸின் உள்மையத்தில் உட்காரும் செக்டிஆர்வி என்ற டிரைவர் ஒன்று வேண்டும். எக்ஸ்பியில் அது விண்டோஸோடேயே வந்தது. 2007-இல் அதில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டது. கணினியில் சாதாரண அனுமதி உள்ளவர் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொள்ள அது வழிவிட்டது. விண்டோஸ் 10 வந்தபோது அதற்கான ஆதரவையே எடுத்துவிட்டார்கள். 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தம் விண்டோஸ் 7, 8 வரைக்கும் அதை அணைத்துவைத்தது. மைக்ரோசாப்ட் செய்தது சரிதான் என்பேன். ஒரு விளையாட்டின் பூட்டுக்காக வீட்டின் பின்கதவைத் திறந்துபோட முடியாது.

ஆனால் விளைவைப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினல் சிடி புது லேப்டாப்பில் செத்துக் கிடக்கிறது. சாலையோரக் காப்பியில் பூட்டை ஏற்கெனவே உடைத்துவிட்டிருப்பதால் அது ஓடத் தயாராக நிற்கிறது. "அப்ப நான் இரண்டாவது தடவை காசு குடுத்தது எதுக்கு?" என்று பெரியவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. காப்பியில் இருந்த இஎக்ஸ்இ கோப்பைப் பார்த்ததும் விண்டோஸின் வைரஸ் காவலன் டிஃபெண்டர் கத்தியது. பூட்டு உடைத்த கோப்புகளைப் பார்த்தாலே அது கத்துவது உண்டு, உண்மையிலேயே விஷம் இருப்பதும் உண்டு. பேங்க் வேலை செய்யும் லேப்டாப்பில் அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று அதைத் தொடவில்லை.

சேஃப்டிஸ்க்ஷிம் என்ற கருவி கைகொடுத்தது. ஆபத்தான டிரைவரை நிறுவாமல், விளையாட்டு அந்த டிரைவரிடம் கேட்கும் கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லும். பூட்டை அது உடைப்பதில்லை. ஒரிஜினல் சிடி டிரைவில் இருந்தே ஆக வேண்டும். யுஎஸ்பி டிரைவில் சிடியைப் போட்டு, அது சுற்றிச் சுற்றித் தேடி ஒரு வழியாகத் திறந்தபோது, காசு கொடுத்தவருக்கு நியாயம் கிடைத்த மாதிரி எனக்கே ஒரு நிம்மதி. யுஎஸ்பி டிரைவ் அவர் தலையில் விழுந்த கூடுதல் செலவு.

நகல் எடுப்பது சட்டப்படி சரியா என்று கடையில் அடிக்கடி கேட்பார்கள். நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர் அது தொலைந்தாலோ அழிந்தாலோ என்று தற்காப்புக்காகப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. பெரியவரின் ஒரிஜினல் சிடிகளுக்கு அதை நம்பித்தான் நகல் எடுத்தேன்.

மே மாதத்துப் போன்

இதோடு கதை முடிந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் மலையிலிருந்து போன்.

"தம்பி, பேரன் வந்திருக்கான். அவன் விளையாட்டுல ஏரோப்ளேன் காணோமாம்."

பேரனிடம் பேசினேன். ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ். தண்ணீரில் இறங்கும் ஸ்கிம்மர் என்ற குட்டி விமானம் வழக்கமாக நிற்கும் இடத்தில் இல்லை. "அண்ணா, பொங்கலுக்கு வந்தப்ப இதே லேப்டாப்ல இருந்துச்சு. நான் எதையும் தொடலை" என்றான். அவன் தொடவில்லை என்பது உண்மை. இடையில் லேப்டாப் தானாக விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு ஏறியிருந்தது.

என் அதிர்ஷ்டம், சான் ஆண்ட்ரியாஸுக்கு சைலன்ட்பேட்ச் என்ற திருத்தத்தை எழுதும் நிரலாளர் இதே விமானத்தைத் துருவி ஏப்ரலில்தான் விளக்கியிருந்தார். நான் படித்ததிலேயே சுவையான பிழை இது.

விளையாட்டு தொடங்கும்போது வண்டிகளின் விவரத்தை ஒரு கோப்பிலிருந்து வரி வரியாகப் படிக்கும். சக்கர அளவும் அதில் உண்டு. ஸ்கிம்மர் வரியில் மட்டும் சக்கர அளவு இல்லை. முந்தைய விளையாட்டான வைஸ் சிட்டியில் அது படகுக் கணக்கில் இருந்தது, படகுக்குச் சக்கரம் எதற்கு. சான் ஆண்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றினார்கள், வரியில் சக்கர அளவைச் சேர்க்க மறந்தார்கள். படிக்கும் நிரலும் "இல்லையென்றால் இந்த அளவை வைத்துக்கொள்" என்று எதையும் சொல்லி வைக்கவில்லை.

அப்படியானால் விளையாட்டு கணினிக்கு வந்த 2005-இலிருந்து இது எப்படிப் பறந்தது? பள்ளிக்கூடக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிரலின் பகுதிகள் எல்லாம் தற்காலிகக் கணக்குகளை ஒரே பலகையில்தான் எழுதும், முடிந்ததும் அழிக்காமல் போய்விடும். ஸ்கிம்மருக்கு முந்தின வரி ஒரு வேன். அதன் சக்கர அளவு 0.7 பலகையின் ஓரத்தில் அப்படியே இருக்கும். ஸ்கிம்மரின் முறை வரும்போது சக்கர அளவு எழுதப்படாமல், ஓரத்தில் கிடக்கும் 0.7-ஐயே தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும். வேன் சக்கரத்தை வைத்துக்கொண்டு இருபது வருடம் ஒரு விமானம் பறந்திருக்கிறது.

இரண்டு வரிகளுக்கு நடுவே அடுத்த வரியைப் படித்துத் தர விண்டோஸின் ஒரு பகுதி வந்துபோகும். அது இத்தனை காலம் பலகையில் கொஞ்ச இடத்தில்தான் எழுதியது. 24எச்2-இல் அதன் உள்வேலை மாறி, கொஞ்சம் அதிக இடத்தில் எழுதத் தொடங்கியது. ஓரத்து 0.7 அழிந்தது. அங்கே இப்போது கிடப்பது ஏதோ ஒரு குப்பை எண். அதைச் சக்கர அளவாக வைத்துக் கணக்குப் போட்ட விளையாட்டு, விமானத்தை 1-க்குப் பின்னால் 31 சுழி போட்டால் வருமே, ஏறத்தாழ அத்தனை மீட்டர் உயரத்துக்குத் தூக்கி எறிந்துவிட்டது.

விண்டோஸைக் குறை சொல்ல வழியில்லை. தன் பலகையில் எவ்வளவு எழுதலாம் என்பது அதன் உரிமை. தவறு 2005-இன் நிரலில் இருந்தது, 2024 வரை யாருக்கும் தெரியாமல் ஓடியது, அவ்வளவுதான். சைலன்ட்பேட்சைப் போனிலேயே சொல்லிச் சொல்லி நிறுவவைத்தேன். நடுவில் இரண்டு தடவை மலையில் நெட் போனது. மூன்றாவது முறை பேரன் கத்தியதிலிருந்து விமானம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

சான் ஆண்ட்ரியாஸின் இந்தக் கதையைப் பெரியவருக்கும் விளக்கப் பார்த்தேன். வேன் சக்கரம் வரை கேட்டுவிட்டு, "எங்க பழைய எஸ்டேட் ஜீப்பும் அப்படித்தான் ஓடிச்சு" என்றார்.

மொத்தம் 1,500 ரூபாய் வாங்கினேன், யுஎஸ்பி டிரைவ் தனி. செலவழிந்த மணிக்கணக்கைப் பார்த்தால் நஷ்டம்தான், ஆனால் ஒரு கிலோ காபித்தூளும் வந்தது. நகல்களை ஒரு பென் டிரைவிலும், என் கடை டிஸ்கிலும் வைத்திருக்கிறோம். படிக்காமல் போன "101 கேம்ஸ்" சிடியைத் திருப்பிக் கொடுத்தபோது தூக்கி எறியச் சொல்வார் என்று நினைத்தேன், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். போன மாதம் மலைக்குப் போனபோது பார்த்தேன். வாசல் கொய்யா மரத்தில், கிளிக்குப் பயம் காட்ட, நூலில் கட்டித் தொங்குகிறது.